உம் கொட்டும் வீடு

அத்தியாயம் பதினேழு

பெரியவர் அந்த வீடியோவைச் சலூனில் வைத்துத்தான் பார்த்தார். பாதி முகத்தில் சோப்பு நுரை. முடிதிருத்துகிறவர் குலுங்கிச் சிரித்ததில் கையிலிருந்த கத்தி ஆடியது. "என்னய்யா அப்படி ஒரு சிரிப்பு?" என்று கேட்டதுதான் தாமதம், ஃபோனையே நீட்டிவிட்டார் அந்த மனிதர். அதில் மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசுகிறவள், நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் தம்பி மனைவி என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

போன வாரம் அந்த நாற்காலியில்தான் அவரை விட்டுவிட்டு வந்தோம். மீதி முகத்தை மழிக்காமலே வீட்டுக்கு வந்து சேர்ந்தார் பெரியவர். வந்தவர் எதுவும் பேசவில்லை. அன்றும் பேசவில்லை, மறுநாளும் பேசவில்லை.

அது எவ்வளவு பெரிய சங்கதி என்பது அந்த வீட்டு இரவுச் சாப்பாட்டை அறிந்தவர்களுக்குத்தான் விளங்கும். தட்டு வைத்ததும் பெரியவர் பேச ஆரம்பிப்பார். தொழில் நிலவரத்தில் தொடங்கி, பக்கத்து வீட்டுக்காரரின் பல்வலி வழியாக, உலகம் உருப்படாமல் போனதில் வந்து நிற்பார். மற்றவர்களுக்கு ஒரே வேலை, உம் கொட்டுவது. நடுவில் ஒரு 'ம்' தவறிவிட்டால் போயிற்று. பேச்சை நிறுத்துவார். ஒரு வாய் தண்ணீர் குடிப்பார். "எங்க விட்டேன்?" என்பார். விட்ட இடத்திலிருந்து தொடர மாட்டார், முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

அந்த பயத்தில் பெண்கள் முறை வைத்து உம் கொட்டினார்கள். முதலில் மாமியார். அவர் அந்தக் காலத்தில் கணவருக்குக் கொட்டியவர், இப்போது பிள்ளைக்கும் கொட்டுகிறார். பிறகு மூத்தவள், பெரியவரின் மனைவி. கடைசியில் சின்னவள்.

சின்னவளுக்குப் பஸ் நிலையத்தில் அறிவிப்பு வேலை. எந்த வண்டி எத்தனையாவது மேடையில், எது தாமதம், யாருடைய பை கேட்பாரற்றுக் கிடக்கிறது, எல்லாம் அவள் குரலில்தான் ஊருக்குத் தெரியும். நாள் முழுக்க அவள் குரல் பேசும். அதில் ஒரு வாக்கியம்கூட அவளுடையதில்லை. வீட்டுக்கு வந்தால் 'ம்'.

ஆளுக்குப் பத்து நிமிடம் மேடையில் தனியாகப் பேசுகிற கூட்டம் 'ஒற்றைக் குரல்'; டீக்கடை மாடியில் நடந்த அந்தக் கூட்டத்தில் போன மாதம் அவள் பேசியது இந்த 'ம்' பற்றித்தான். அதைத்தான் யாரோ படம் பிடித்து உலவ விட்டார்கள். இன்று, சனிக்கிழமை, அதே கூட்டம் பெரிய அரங்கில் நடக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அரங்கத்துக்கு மைக்கும் ஸ்பீக்கரும் வாடகைக்குக் கொடுப்பது இவர்கள் வீட்டு சவுண்ட் சர்வீஸ்தான். முதலாளி பெரியவர். வயரைச் சுமந்து போய் மாட்டுகிறவர் அவருடைய தம்பி, அதாவது சின்னவளின் கணவர்.

காலை ஷிப்டை முடித்துவிட்டு அவள் உள்ளே நுழைந்ததும், கூடத்தில் பெரியவர் வாயைத் திறந்தார்.

"உக்காரு."

"நின்னுக்கிட்டே கேக்கறேன் மாமா. உக்காந்தா எந்திரிக்க மாட்டேன்."

"வீட்டுல நடக்கறத ஊருக்கெல்லாம் ஒலிபரப்பறியே, இது நல்லாருக்கா?"

"நம்ம தொழிலே ஒலிபரப்பறதுதானே மாமா."

ஜன்னலோரம் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த மாமியாரின் கையிலிருந்து ஒரு பட்டாணி தெறித்து உருண்டது. அதை எடுக்கிற சாக்கில் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வாய் நீளுது. சாயங்காலம் நீ மேடை ஏறக் கூடாது."

"பேரு குடுத்தாச்சே."

"பேர வாபஸ் வாங்கு."

"மாட்டேன்."

அந்தக் கூடத்தில் அந்தச் சொல் ஒலித்ததில்லை. யார் சொன்னது என்று சின்னவளே ஒரு கணம் திரும்பிப் பார்க்க இருந்தாள்.

பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பேசணும்னா வீட்டுல பேசேன். இங்க யாரு உன் வாயக் கட்டிப் போட்டது?"

"சரி மாமா, இப்பவே பேசறேன். நேத்து பஸ் நிலையத்துல—"

"அந்த ஃபேன நிறுத்து முதல்ல. கடகடங்குது."

அவள் போய் நிறுத்திவிட்டு வந்தாள். "நேத்து பஸ் நிலையத்துல என்கூட வேலை பாக்குற பொண்ணு ஒருத்தி—"

"யாரு, உயரமா இருப்பாளே, அவளா? அவ அப்பன எனக்குத் தெரியும். அந்தக் காலத்துல நம்மகிட்ட ஒரு ஸ்பீக்கர வாடகைக்கு எடுத்துட்டுப் போனான் பாரு. மழையில நனைய விட்டுட்டு, நனையவே இல்லன்னு சாதிச்சான். அப்ப எங்கப்பா என்ன பண்ணாருன்னா…"

சமையலறையிலிருந்து, பழக்கதோஷத்தில், மூத்தவளின் குரல் வந்தது.

"ம்."

சின்னவள் கையைக் கட்டிக்கொண்டாள். "பாத்தீங்களா மாமா?"

பெரியவருக்குக் காது சிவந்தது. அவளை விட்டுவிட்டு, வாசல் படியில் வயர் சுற்றிக்கொண்டிருந்த தம்பியின் பக்கம் திரும்பினார்.

"டேய், மைக்கு நம்மளுது. அவ அந்த 'ம்' கதைய எடுத்தா, உடனே சத்தத்தக் கீழ இறக்கிடு. எவனாவது கேட்டா மெஷின் கோளாறுன்னு சொல்லு. புரிஞ்சுதா?"

சவுண்ட்காரர் வயரைச் சுற்றி முடித்து, முனையை உள்ளே செருகினார்.

"ம்," என்றார்.

சின்னவளுக்கு எத்தனையோ வகை 'ம்' அத்துப்படி. சலித்த 'ம்', பயந்த 'ம்', பொய்யான 'ம்', எல்லாவற்றையும் வைத்துத்தான் ஊரையே சிரிக்க வைத்தாள். ஆனால் கட்டின கணவர் சொன்ன இந்த 'ம்' எந்த வகை? சரி என்பதா, காதில் விழுந்தது என்பதா? சட்டை மாற்றும்போதும் யோசித்தாள். தலை வாரும்போதும் யோசித்தாள். பிடிபடவில்லை.

அரங்கத்தில் இன்னும் யாரும் வரவில்லை. மடக்கு நாற்காலிகள் வரிசை வரிசையாக வாயைப் பிளந்துகொண்டிருந்தன. திரைச்சீலையில் பழைய தூசி மணத்தது. சவுண்ட்காரர் மேடையின் குறுக்கே போன வயரைத் தரையோடு டேப் போட்டு ஒட்டிவிட்டு எழுந்தார்.

"ஏதாவது பேசு. சத்தம் எவ்வளவு வேணும்னு பாக்கணும்."

"என்ன பேச?"

"எதையாவது."

சொல்லிவிட்டு நேரே அரங்கத்தின் கடைசிக்கு நடந்தார். மிக்ஸருக்குப் பின்னால் நின்று, இரண்டு காதையும் மூடி ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார்.

சின்னவள் மைக்கின் முன்னால் நின்றாள். "ஹலோ," என்றாள். தூரத்தில் ஒரு கட்டைவிரல் உயர்ந்தது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு," என்று தொடங்கினாள். வாய் தானாக அப்படித்தான் திறந்தது. "இரண்டாவது மேடையில் நின்றுகொண்டிருக்கும்… ஏங்க, மத்தியானம் நீங்க சொன்ன 'ம்'முக்கு என்ன அர்த்தம்?"

அவர் குனிந்து எதையோ திருகினார்.

"பதில் சொல்லாதீங்க. சொன்னாலும் அங்கேருந்து எனக்குக் கேக்காது. ஆனா நான் மூச்சு விடறதுகூட உங்க காதுல விழும். கல்யாணம் ஆனதுலேருந்து இப்படி ஒரு வசதி நமக்கு அமைஞ்சதே இல்ல."

அவர் நிமிரவில்லை. கையும் நகரவில்லை.

"பஸ் நிலையத்துக்கு முதல்முதலா ஸ்பீக்கர் பாக்க வந்தீங்களே, ஞாபகம் இருக்கா? என் குரல் கரகரன்னு வருதுன்னு பயணிங்க புகார் குடுத்திருந்தாங்க. மேலதிகாரி என்னை முறைச்சுக்கிட்டு நின்னாரு. நீங்க ஏணியில ஏறி, பெட்டியத் திறந்து பாத்துட்டு, அங்கேருந்தே சொன்னீங்க. 'பேசற குரல்ல கோளாறு இல்ல சார், கேக்க வைக்கிற பெட்டியிலதான் கோளாறு'ன்னு. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் உங்களுக்குக் கழுத்த நீட்டினேன். அதுக்கப்புறம் அவ்வளவு நீளமா நீங்க பேசி நான் கேக்கல."

வெற்று நாற்காலிகள் மீது அவள் குரல் போய்த் திரும்பி வந்தது. இவ்வளவு பெரிய இடத்தில் தன் சொந்த வார்த்தை தனக்கே கேட்பது அவளுக்குப் புதிதாக இருந்தது. அதுவே தைரியத்தையும் தந்தது.

"எந்த வண்டி ஏன் லேட்டுன்னு ஊருக்கே சொல்றேன். ஒரு நாள் நான் லேட்டா வந்தா, ஏன்னு கேக்கறவங்க பதிலக் கேக்க நிக்கறதில்ல. அதான் இந்த மேடை. நல்லாப் பேசறேனோ இல்லையோ, இங்க பேச்ச முடிக்கலாம். இன்னைக்கு உங்க அண்ணன் பேச்சக் கேட்டு சத்தத்தக் குறைக்கணும்னா குறைச்சுக்கோங்க. நான் நிறுத்த மாட்டேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும். முடிஞ்சுது."

சவுண்ட்காரர் ஹெட்ஃபோனைக் கழற்றினார். நாற்காலிகளுக்கு நடுவே மெல்ல நடந்து வந்தார். பாதி வழியில் நின்றார். தொண்டையைச் செருமினார்.

"'ப' சொல்றப்பல்லாம் மைக்குல காத்து அடிக்குது," என்றார். "கொஞ்சம் தள்ளி நில்லு."

திரும்பிப் போய்விட்டார். சிரிப்பதா, மைக்கைத் தூக்கி எறிவதா என்று தெரியாமல் நின்றாள் சின்னவள்.

ஒப்பனை அறையில் அவளுக்கு முன்னால் பேசப் போகிறவர் கிரீடத்தோடு உட்கார்ந்திருந்தார். நாடகத்தில் ராஜா வேஷம் கட்டியே காலத்தை ஓட்டியவர், அதனால் எல்லாருக்கும் அவர் ராஜபார்ட். இன்றைக்கு, போரில் நாட்டை இழந்த மன்னன் காட்டில் தனியாக நின்று புலம்புகிற கட்டம்.

"ஒரு சந்தேகம்," என்றாள் சின்னவள். "அந்த ராஜா தனியா நின்னு யாருகிட்ட பேசறாரு?"

"மனசாட்சிகிட்டம்மா."

"மனசாட்சி குறுக்க பேசாதா?"

"எப்படிப் பேசும்? எழுதினவன் விட மாட்டானே."

"குடுத்து வச்ச ராஜா."

ராஜபார்ட் கண்ணாடியில் மீசையை ஒட்டிக்கொண்டே, "நீங்க கோவிச்சுக்கக் கூடாது," என்றார். "வீடியோ பாத்தேன். சிரிப்பு வருது, இல்லேங்கல. ஆனா தனிமொழிங்கறது வேற. அதுல ஒரு உசரம் வேணும். உங்களது வீட்டுப் புலம்பல்."

"நீங்க நாட்டை இழந்து புலம்பினா கலை. நான் நல்ல தூக்கத்தை இழந்து புலம்பினா வீட்டுப் புலம்பலா?"

மீசை ஒரு பக்கம் பிய்ந்து தொங்கும்படி அவர் சிரித்துவிட்டார். "அந்த வரியை எனக்குக் குடுத்துடுங்களேன்!"

"தர மாட்டேன்."

"அது சரி. இந்த வரியைத் தரலேன்னா ஒண்ணு சொல்றேன், எடுத்துக்கோங்க. ஒருத்தன் மேடையில தனியாப் பேசறான்னா, மத்த பாத்திரமெல்லாம் செத்தா போயிட்டாங்க? திரைக்குப் பின்னாடி பல்லைக் கடிச்சுக்கிட்டு நிப்பாங்க, இவன் எப்படா முடிப்பான்னு. நான் நின்னிருக்கேன்."

சின்னவள் அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை. திரை இடுக்கு வழியே முன்வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இஸ்திரி போட்ட சட்டையில் பெரியவர் வந்து உட்கார்ந்துவிட்டார். தன் உத்தரவு நிறைவேறுவதை நேரில் பார்க்கிற ஆசை. பக்கத்தில் மாமியார். அதற்கடுத்த நாற்காலியில் மூத்தவளின் கைப்பை மட்டும் இருந்தது.

ராஜா புலம்பி முடித்ததும் கைதட்டல் எழுந்தது. அது அடங்கியதும் சின்னவளைக் கூப்பிட்டார்கள்.

"எங்க வீட்டுல சாப்பாட்டுல உப்பு இல்லேன்னாக்கூட மன்னிச்சுடுவாங்க," என்று ஆரம்பித்தாள். "'ம்' இல்லேன்னா மன்னிக்க மாட்டாங்க."

முதல் சிரிப்பு விழுந்தது. அவள் அரங்கத்தின் கடைசியைப் பார்த்தாள். சவுண்ட்காரரின் கை மிக்ஸர் மேல் இருந்தது. சத்தம் இறங்கவில்லை.

"'ம்'முன்னா கேக்கறேன்னு அர்த்தம். 'ம்ம்ம்'முன்னா, இதை நேத்தே கேட்டேன்னு அர்த்தம். 'ம்க்கும்'னு ஒண்ணு இருக்கு. அத மனசுக்குள்ளதான் சொல்லணும். வெளிய வந்தா குடும்பம் ரெண்டாயிடும்."

அரங்கம் அதிர்ந்தது. முன்வரிசையில் பெரியவர் மட்டும் கல்லாக இருந்தார். பின்பக்கம் திரும்பித் தம்பியை ஒரு பார்வை பார்த்தார்.

"எல்லாத்துக்கும் மேல ஒண்ணு இருக்கு. தூக்கத்துல கொட்டற 'ம்'. அதுல எங்க வீட்டுல ஒருத்தங்க பட்டம் வாங்கினவங்க. கண்ணு மூடியிருக்கும், தலை லேசா ஆடும், ஆனா அந்த 'ம்' மட்டும்—"

டப்.

ஸ்பீக்கர் செத்தது. அவள் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. பெரியவர் நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டார்.

ஆக, அந்த 'ம்' சம்மதம்தான். அழுகை வருகிறது என்று நினைத்தாள் சின்னவள். வாயைத் திறந்தபோதுதான் அது அழுகை இல்லை என்று தெரிந்தது.

மைக் கம்பத்தைத் தூக்கி ஓரமாக வைத்தாள். மேடையின் விளிம்புக்கு வந்தாள்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு! ஒலிபெருக்கி பழுது. பேச்சு வழக்கம் போல இயங்கும்!"

விசில் பறந்தது. "கேக்கல! கேக்கல!" என்று பின்வரிசையில் சிலர் கத்தினார்கள்.

"கேக்கலேன்னா கிட்ட வாங்க. நான் இங்கேருந்து இறங்கறதா இல்ல."

ஆட்கள் எழுந்து முன்னால் வந்தார்கள். நாற்காலிகள் இழுபட்டன. அந்த இரைச்சல் ஓய்ந்தபோது, பஸ் நிலையத்துக் குரல் இல்லாத, பெட்டி வழியே வராத, அவளுடைய வெறும் குரல் மட்டும் மிச்சமிருந்தது. அது கொஞ்சம் கரகரத்தது.

"வீட்டுல ஒருத்தர் பேசினா, அவர் பேசறதால அது பேச்சு ஆகறதில்ல. நாங்க கேக்கறதாலதான் ஆகுது. அதை அவர்கிட்ட யாரும் சொன்னதில்ல. நான் சொல்றேன். எங்க மூத்தார் இதோ முன்வரிசையிலதான் இருக்காரு…"

சிரிப்பு சட்டென்று நின்றது. எல்லாக் கண்ணும் பெரியவர் மேல். அவர் இரண்டு கைப்பிடியையும் பிடித்து எழப் போனார். சின்னவளுக்கு அடுத்த வார்த்தை வரவில்லை. அது ஒரு கணம் இன்னும் நீண்டிருந்தால் அவள் இறங்கியிருப்பாள்.

"ம்," என்றது ஒரு குரல்.

மாமியார்தான். கைகளை மடியில் கோத்துக்கொண்டு, நேரே மருமகளைப் பார்த்தபடி இன்னொரு முறை சொன்னார். "ம். மேல சொல்லு."

"அம்மா!" என்றார் பெரியவர்.

"உக்காருடா. அவ முடிக்கட்டும்."

பின்னால் யாரோ ஒரு ஆண்பிள்ளை "ம்" என்றார். ஒரு கல்லூரிப் பெண் "ம்" என்றாள். கிரீடத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ராஜபார்ட்டும் திரை ஓரத்திலிருந்து கனமாக ஒரு "ம்" போட்டார். பெரியவர் உட்கார்ந்தார்.

சின்னவள் சொல்லி முடித்தாள். விட்ட இடத்திலிருந்து தொடங்கி, கடைசி வார்த்தை வரை முடித்தாள். "இத்தனை வருஷமா நான் கொட்டின உம்முக்கு இன்னைக்கு நீங்க கொட்டினதெல்லாம் முன்பணம்தான். மிச்சம் வசூலிக்க மறுபடி வருவேன்," என்று கும்பிட்டபோது, அரங்கம் எழுந்து நின்று தட்டியது.

திரைக்குப் பின்னால் சவுண்ட்காரர் ஓடி வந்தார். முழங்காலெல்லாம் தூசி. மேசைக்கு அடியில் தவழ்ந்திருக்கிறார்.

"நான் இறக்கல," என்றார் மூச்சு வாங்க. "சத்தியமா நான் இறக்கல."

"அப்ப மத்தியானம் உங்க அண்ணனுக்குச் சொன்ன 'ம்'?"

"அவர் பேச்ச நிறுத்தணும்ல? அதுக்குப் போட்டது."

சின்னவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பாதியில் அது நின்றது. "அப்ப யாரு?"

சுவரோரம், காலி ஸ்பீக்கர் பெட்டி மேல் மூத்தவள் உட்கார்ந்திருந்தாள். கையில், சுவரிலிருந்து பிடுங்கிய பிளக்.

"அக்கா, நீங்களா! மாமா சொன்னாரா?"

"அவர் சொல்லி நான் எதைப் பிடுங்கியிருக்கேன்?"

"பின்ன ஏன்?"

"அந்தத் தூக்கத்து 'ம்' யாரோடது?"

"அது… உங்களோடது."

"என்னைக் கேட்டியா? போன தடவை சிரிச்சாங்க, பேசாம இருந்தேன். இன்னைக்கு மறுபடி எடுக்கற. உனக்கு வாய் கெடச்சிருச்சு, சந்தோஷம். என் வாயை என்ன வாடகைக்கா விட்டிருக்கேன்?"

"அக்கா, நான் கேலியா எதுவும்—"

"குறுக்க பேசாத. நான் முடிக்கல."

சின்னவள் வாயை மூடிக்கொண்டாள். சற்றுப் பொறுத்து, மெல்ல, "ம்," என்றாள்.

"நான் தூங்கறேன்னுதானே எல்லாரும் நினைச்சீங்க? ஒரு நாள்கூடத் தூங்கினதில்ல. கண்ண மூடிக்கிட்டு நான் என்ன பண்ணிக்கிட்டிருந்தேன்னு உனக்கும் தெரியாது, உங்க மாமாவுக்கும் தெரியாது."

"என்ன பண்ணீங்க?"

"அத உன்கிட்ட எதுக்குச் சொல்லணும்? உன்கிட்ட சொன்னா அதையும் நீயே பேசிடுவ. அடுத்த கூட்டத்துக்குப் பேரு குடுத்துட்டேன். எனக்கும் பத்து நிமிஷம்." அவள் எழுந்து, பிளக்கைக் கொழுந்தனாரின் கையில் வைத்தாள். "தம்பி, அன்னைக்கு இதை இறுக்கமா மாட்டுங்க. யாரும் பிடுங்க முடியாதபடிக்கு."

நடைபாதையில் செருப்புச் சத்தம் கேட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் பெரியவரின் குரல்.

"எல்லாரும் எங்க இருக்கீங்க? வீட்டுக்கு வாங்க, பேச வேண்டியது நிறைய இருக்கு. என்ன, கேக்குதா?"

உள்ளே மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் உம் கொட்டவில்லை.

"எங்க விட்டேன்?" என்றது அந்தக் குரல். பிறகு கதவுக்கு வெளியே, பெரியவர் முதலிலிருந்து ஆரம்பித்தார்.